சாக்கடைச் சம்பந்தி

பூவந்துறை மீன் அங்காடியில் மீன் சுற்றித் தருகிற வெள்ளைத் தாள் முதன்முதலாக அழுதது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை என்று காத்தாயி சொல்வாள், இல்லை, அதற்கு முந்தின நாளே தன் கடையில் அது ஒருதரம் சிணுங்கிற்று என்று தையல்நாயகி சொல்வாள், இரண்டு பேரும் அடுத்தடுத்த கடைக்காரிகள் என்பதாலும் இருபத்தைந்து வருஷமாக எதிலும் ஒத்துப்போனதில்லை என்பதாலும் ஊர் அந்த வழக்கைத் தீர்க்காமலே விட்டுவிட்டது. ஆனால் அழுதது தாள்தான் என்பதிலும், அது பசியில் அழுதது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஏனென்றால் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிற ஊரில் எந்த அழுகை எதற்கானது என்று சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை.

தாள் வந்த கதைக்கு முன்னால் சாக்கடையின் கதையைச் சொல்ல வேண்டும். அங்காடிக்கு நடுவே, இரண்டு வரிசைக் கடைகளுக்கும் இடையில் ஒரு சாக்கடை ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக, உண்மையில் அது படுத்துக் கிடந்தது. செதிலும் செவுளும் குடலும் இறால் தலையும் ஐஸ் உருகின தண்ணீரும் டீக்கடைக் கழுவுநீரும் சேர்ந்து கறுப்புக் களியாகிக் கொப்புளம் விட்டுக்கொண்டிருக்கும், நாகப்பட்டினத்திலிருந்து வருகிற வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினதும் யாரிடமும் வழி கேட்காமல் மூக்கு காட்டின திசையில் நடந்தே அங்காடிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

அந்தச் சாக்கடைக்கு ஊரில் ஒரே ஒரு ஜென்மப் பகையாளி இருந்தாள், அது தையல்நாயகி. அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பாள், அணைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வரும்போது கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் திரும்புவாள், படகு நேரத்துக்கு வராவிட்டால் கவலைப்படுவாள், நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டால் ஏன் வந்தது என்று கவலைப்படுவாள், தன்னிடம் மீன் வாங்கினவர்கள் முகத்தை மறுநாள் தெருவில் நல்லபடியாகப் பார்க்கிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்தில், கோடு போட்ட தாளில், ஒவ்வொரு திங்கட்கிழமையும் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போவாள்: ஐயா, அங்காடிச் சாக்கடையை மூடித்தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி திங்கட்கிழமையில் வந்தால் செவ்வாய்க்கிழமை போவாள். இப்படி இருபத்தொரு வருஷம்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் சாக்கடை எழும்பி அடிபம்புக் குழிக்குள் இறங்கிற்று, அங்காடித் தெருவில் நாற்பது பேருக்கு வயிற்றால் போயிற்று, முப்பத்தொன்பது பேர் தேறி எழுந்தார்கள். நாற்பதாவது ஆள் அபிராமி. அவளுக்குப் பதினோரு மாதம். அதற்குப் பிறகு தையல்நாயகிக்குப் பிள்ளை பிறக்கவில்லை, அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசினதும் இல்லை, மனுவில்கூட எழுதினதில்லை.

இப்போது தாள். ஆடியில் ஒரு திங்கட்கிழமை, பக்கத்திலிருந்த மீன்வளக் கல்லூரியிலிருந்து பரக்கத் நிஷா என்கிற மெலிந்த பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கைக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடிப் புட்டி ஒன்றைச் சாக்கடைக்குள், கிணற்றில் செம்பு இறக்குகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக இறக்கினாள்.

"ஏம்மா, மோதிரம் கீதிரம் உள்ள விழுந்துடுச்சா?" என்றாள் காத்தாயி.

"இல்லக்கா. தண்ணிதான் வேணும்."

"குடிக்கவா?"

அங்காடியே சிரித்தது. தையல்நாயகி மட்டும் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கி, "நல்லா எடும்மா. நாலு புட்டி எடுத்துக் கொண்டுபோயி அதிகாரிங்க மூக்குல காட்டு. அப்பவாச்சும் மூடுறாங்களா பாப்போம்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து நிஷா ஒரு சுருள் தாளோடு திரும்பி வந்தாள். தாள் என்று ஊர்தான் பேர் வைத்தது, அது தாளும் இல்லை துணியும் இல்லை, இட்லித்துணியைப் போல வெளுப்பாகவும் வெங்காயத் தோலைப் போல லேசாகவும் இருந்தது. பசை மாதிரி ஒரு கூழைக் காய்ச்சி, அதை ஊசிக்குள் அடைத்து, ஊசி முனைக்குக் கரண்ட் கொடுத்தால், முடியில் நூறில் ஒரு பங்கு மெலிவாக ஒரு நூல் தானாகப் பாய்ந்து எதிரே சுற்றுகிற உருளையில் போய்ப் படிகிறது, அப்படிப் படிந்து படிந்து வந்ததுதான் இது என்று அவள் சொன்னாள். தையல்நாயகியின் புருஷன் கலியபெருமாள், நாற்பது வருஷமாக வலை பின்னுகிறவர், அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வலைதான். கண்ணு மட்டும் பொடிசு" என்றார்.

"ஆமா மாமா, வலைதான். ஒவ்வொரு நூலுக்குள்ளயும் கிருமியைத் தின்னுற வைரஸை உறங்கப் போட்டிருக்கேன். ஈரம் பட்டா முழிச்சுக்கும். மீன்ல இருக்கற கெட்ட கிருமியைத் தின்னுடும்."

"வைரஸா?" காத்தாயி சட்டென்று முந்தானையால் மூக்கை மூடினாள். "ரெண்டு வருஷம் மூஞ்சியக் கட்டிக்கிட்டுக் கெடந்தது போதாதா?"

"இது மனுசரைத் தொடாதுக்கா. அதுக்கு நம்மளைத் தெரியவே தெரியாது."

அதை எங்கிருந்து பிடித்தாள் என்று அன்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தாளில் சுற்றின வஞ்சிரம் மூன்றாம் நாளும் கண் தெளிவாக இருந்தது, அங்காடி மீனைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரித் திண்டில் சுருண்டு உட்காருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து ஒருவரும் இல்லை என்று ஆனார்கள், தையல்நாயகிக்கு இருபத்தொரு வருஷத்தில் முதல்தரமாக மத்தியானத் தூக்கம் வந்தது, வந்ததும் ஏன் வந்தது என்று அதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டாள்.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. பாதி ஊர் மீனைத் தொடாது, படகுகள் பேருக்குப் போய்வந்தன, வருகிற கொஞ்சம் மீனும் துள்ளத்துடிக்க வந்து அப்போதே விற்றுப்போயிற்று, தாளுக்குத் தின்னக் கிருமி இல்லை. அது அழ ஆரம்பித்தது. பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது என்றார்கள் சிலர், தூரத்தில் சைக்கிள் பிரேக் பிடிக்கிற மாதிரி என்றார்கள் சிலர், தையல்நாயகி எந்த மாதிரி என்றும் சொல்லவில்லை.

முதல் வாரம் ஊர் அதைப் பழகிக்கொள்ளப் பாடுபட்டது. கைக்குழந்தைக்காரிகள் அந்தச் சத்தத்துக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைகிறது என்று தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐஸ் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார். அழுகிற தாளை வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்று அமாவாசைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். இரண்டாம் வாரம் மாயவரத்து வியாபாரி ஒருவர்தான் அதிலிருந்த சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்: தாள் அழுதால் தின்ன ஒன்றுமில்லை என்று அர்த்தம், தின்ன ஒன்றுமில்லை என்றால் மீன் சுத்தம்; தாள் சத்தமில்லாமல் இருந்தால் அது உள்ளே எதையோ தின்றுகொண்டிருக்கிறது. அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைக் கொண்டுவந்து மீன்மேல் வைத்தார்கள். "அழுவுற மீனாக் குடு" என்றார்கள். நேற்றைய மீனை வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே சிணுங்கிக் காட்டின காத்தாயியை ஒரு டீச்சர் கையும் களவுமாகப் பிடித்தார்.

"தாள் அழுதா மூக்குலேர்ந்து சத்தம் வருமாம்மா?"

"அதுக்குச் சளி டீச்சர்" என்றாள் காத்தாயி.

அங்காடியில் எழுதத் தெரிந்த கை என்று பேர் வாங்கினவள் தையல்நாயகி என்பதால், போர்டு எழுதுகிற வேலை அவளிடம் வந்தது. அட்டையில் நீல மையால் பெரிதாக எழுதி வாசலில் கட்டினாள்: 'இந்த அங்காடியில் அழுகும் மீன் மட்டுமே விற்கப்படும்.' அன்று பதினோரு மணி வரைக்கும் ஒரு காக்காய்கூட உள்ளே வரவில்லை. ரோட்டிலேயே வண்டியை நிறுத்திப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அந்த டீச்சரே வந்து, நடுவிலிருந்த 'கு'வின்மேல் விரலை வைத்து, "இந்த ஒரு எழுத்தை மட்டும் எடுத்துடும்மா. அழும் மீன். அழுகும் மீன் வேற" என்றார். காத்தாயி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தையல்நாயகிக்கு ஐப்பசி முடிகிற வரைக்கும் ஆறவில்லை.

ஆனால் அழுகைக்கு வியாபாரம் பழகின அளவுக்கு நெஞ்சு பழகவில்லை. எத்தனை நாள்தான் பசித்து அழுகிறதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியும்? ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி தாளுக்குச் சோறு வைக்க ஆரம்பித்தார்கள். முந்தின நாள் குடல் ஒரு துண்டு, ஊசின இறால் தலை இரண்டு, தாளின் ஓரத்தைக் கிழித்து அதில் வைத்து மடித்தால் அழுகை அடங்கி, திருப்தியான ஒரு சின்ன ஓசை வரும், மிடறு விழுங்குவது போல. தையல்நாயகி முதல் சுருளிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, அதில் மீன் சுற்றாமல், ஒரு பனையோலைக் கொட்டானில் போட்டுக் கடை விட்டத்தில் தொங்கவிட்டாள். போகும்போதும் வரும்போதும் கொட்டானை ஒரு தட்டுத் தட்டி ஆட்டிவிடுவாள். காத்து வரட்டும்னுதான் என்பாள்.

நிஷா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, அதுக்குச் சோறு வெக்கக் கூடாது. பட்டினியா இருக்கறதுதான் அதோட வேலை."

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆவலை" என்றாள் காத்தாயி. "அதான் இப்படிப் பேசுற."

"சரி, பாப்பாவுக்கு அம்மா யாரு? அதச் சொல்லு முதல்ல" என்று வேறொருத்தி கேட்டாள். நிஷா கொஞ்சம் தயங்கிவிட்டு, காலடியில் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்த கறுப்பைக் காட்டினாள். கெட்ட கிருமி எங்கே கொழுத்துக் கிடக்கிறதோ அங்கேதான் அதைத் தின்கிறதும் கிடக்கும், பதினேழு ஊர்த் தண்ணீரை எடுத்துப் பார்த்தேன், இந்தச் சாக்கடையில் இருந்த அளவுக்குச் சூரன் எங்கேயும் இல்லை என்றாள்.

அங்காடியே குனிந்து சாக்கடையைப் பார்த்தது. பிறகு காத்தாயியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏ தையலு! அப்ப நீ கொட்டான்ல போட்டு ஆட்டுறது அதோட மவளையா? அவ வீட்டுப் பொண்ணை இட்டாந்து உன் வீட்டுல வெச்சிருக்க. அப்ப சாக்கடை உனக்கு என்னா முறை?"

"வாயை மூடு."

"சம்பந்திடி! உனக்குச் சாக்கடை சம்பந்தி!"

அன்றிலிருந்து அங்காடியில் சாக்கடைக்கு அதுவே பேராயிற்று. சம்பந்தி இன்னைக்குக் கோவமா இருக்கா, சம்பந்தி வழிஞ்சு ரோட்டுக்கு வந்துட்டா, சம்பந்தி மேல கால் வெச்சிடாதீங்க. தையல்நாயகி இரண்டு நாள் கொட்டானைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அது அழுத அழுகையில் யாருக்கும் தெரியாமல் இறால் தலை ஒன்றை வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல மனுவும் கொடுத்தாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. பூவந்துறையில் எட்டு கூரையும் அறுபது மரமும் போயின, ஆள் சேதம் இல்லை, கரண்ட் மட்டும் நான்கு நாள் இல்லை. கல்லூரி ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன வண்டி விழுந்த மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது, குளிர்ப்பெட்டி சூடாயிற்று, அதற்குள் நிஷா பொத்திப் பொத்தி வைத்திருந்த வைரஸ் வித்து அத்தனையும் செத்துப்போயிற்று. கரண்ட் வந்ததும் அவள் நூற்றுப் படகில் அனுப்பின தாள் அழவில்லை. கெட்டுப்போன மீனைச் சுற்றினாலும் தின்னவில்லை, நல்ல மீனைச் சுற்றினாலும் அழவில்லை, வெறும் துணியாகக் கிடந்தது. புயல் தண்ணீர் ஊரெங்கும் நின்றது, ஆஸ்பத்திரித் திண்டில் மறுபடியும் இரண்டு பேர் சுருண்டு உட்கார்ந்தார்கள், அதில் ஒருவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. தையல்நாயகியின் கொட்டானில் கிடந்த பழைய துண்டு மட்டும் எப்போதாவது முனகும். அவள் கொட்டானை இறக்கி மடியில் வைத்துக்கொண்டே மீன் ஆய்ந்தாள்.

ரோடு அடைபட்டிருந்ததால் நிஷா போனில் பேசினாள். "அக்கா, ஒரு குடம் சாக்கடைத் தண்ணி அனுப்புங்க. மறுபடி பிடிச்சுடலாம். ஆனா ஒரு தடவை எடுத்தா போதாது. கிருமி வேஷம் மாத்திக்கிட்டே இருக்கும், அதைத் துரத்துறதும் கூடவே மாறிக்கிட்டே வரணும், அந்தத் துரத்தல் அங்க ஓடிக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு அப்பப்ப புது வித்து கெடைக்கும். சாக்கடையை எதுவும் பண்ணிட மாட்டாங்களே?"

தண்ணி அனுப்புறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல்நாயகி போனை வைத்தாள். ஏனென்றால் அன்று காலையில்தான் பேரூராட்சி ஆள் வந்து அவள் கையில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தங்கள் தொடர் மனுக்களின்பேரில், வரும் வியாழக்கிழமை அங்காடிச் சாக்கடை பிளீச்சிங் தூள் இட்டுச் சுத்தம் செய்யப்பட்டு, முழு நீளமும் கான்கிரீட் போட்டு மூடப்படும். இருபத்தொரு வருஷமாக அவள் காத்திருந்த கடிதம். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், யாரிடமும் காட்டவில்லை.

புதன்கிழமை குடம் அனுப்ப ஏற்பாடாயிற்று. பொண்ணு படுத்த படுக்கையா இருக்கா, தாய்வீட்டிலேர்ந்து போவது வெறும் குடமாகவா போவது என்று ஒருத்தி கேட்டதில் அது சீர் ஆகிவிட்டது. தாயால் நடக்க முடியாது, நாம்தான் அவளுக்காகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். பதினோரு தட்டு வைத்தார்கள், வெற்றிலை பாக்கு, பழம், கண்ணாடி வளையல், பூ. அப்புறம் குடத்தைப் பார்த்தார்கள். சீர்க்குடத்தில் இந்தக் கறுப்பையா ஊற்றுவது, நாளைக்கு நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எல்லாருக்கும் கூச்சமாகிவிட்டது. அதனால் கலியபெருமாளின் வெள்ளை வேட்டியில் மூன்று தரம் வடிகட்டினார்கள், பிரியாணி அண்டாவில் விட்டு விறகடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்தார்கள், மஞ்சளும் துளசியும் ஒரு துண்டு பச்சைக்கற்பூரமும் போட்டார்கள், ஆறவைத்துக் குடத்தில் ஊற்றி, மாவிலை வைத்து, படகில் ஏற்றிக் கழிமுகம் வழியாகக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள்.

நிஷா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வாசனையாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"கொதிக்க வெச்சீங்களா?"

"நாலு கொதி" என்றாள் காத்தாயி பெருமையோடு.

"மஞ்சள்?"

"ஒரு கைப்பிடி."

"அக்கா," என்றாள் நிஷா மெதுவாக, "இதுல இப்ப உசுரோட ஒண்ணும் இல்ல."

திரும்புகிற படகில், நாளைக்கு மறுபடி மொண்டுக்கலாம் என்று காத்தாயி சொன்னாள். அப்போது தையல்நாயகி ரவிக்கைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள். காத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. தையல்நாயகியே படித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஜேசிபி வந்தது. பின்னால் பிளீச்சிங் தூள் மூட்டைகளோடு டிராக்டர், அதற்குப் பின்னால் செயல் அலுவலர் சத்தியசீலன், அவருக்குப் பின்னால் மூன்று சாக்குப்பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். தையல்நாயகி கூச்சல் போடவில்லை, வண்டிக்கு முன்னால் படுக்கவும் இல்லை. அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கொட்டானோடு, ஒரு கூடை மத்தியை ஆய ஆரம்பித்தாள். செதில் பறந்து ஜேசிபியின் மஞ்சள் பல்லில் ஒட்டிற்று.

"எந்திரிங்கம்மா" என்றார் சத்தியசீலன். "உங்களுக்காகத்தான் வந்திருக்கேன். அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன், போறதுக்குள்ள இத முடிச்சுக் குடுத்துடணும்னு நாயா அலைஞ்சு உத்தரவு வாங்கியிருக்கேன். இந்த மூணு சாக்கும் யாரு மனு தெரியுதா? ஆயிரத்துச் சொச்சம். எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து."

"என் கையெழுத்துதான்யா."

"அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

தையல்நாயகி ஆய்வதை நிறுத்தவில்லை. "மூடுங்கய்யா. வேணாம்னு சொல்லலை. ரெண்டு பக்கமும் மூடுங்க, அடிபம்புப் பக்கம் நல்லா கெட்டியா மூடுங்க. இந்த இடத்துல மட்டும் ஒரு முழம் விட்டுடுங்க. மருந்து போடாதீங்க."

"ஒரு முழமா? எதுக்கு?"

அங்காடி முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மீன் வாங்க வந்தவர்கள், ஐஸ் வண்டிக்காரர், டீச்சர், ஜேசிபி டிரைவர், எல்லாரும். தையல்நாயகி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"சம்பந்தி வீட்டு வாசலை யாராவது அடைப்பாங்களாய்யா?" என்றாள்.

முதலில் சிரித்தது டிரைவர்தான். அப்புறம் யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான். காத்தாயி தன் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து தையல்நாயகிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றுதான்.

சத்தியசீலன் சாக்குப்பைகளைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். "வாயால சொன்னா நான் என்ன செய்யறது? எழுத்துல குடுங்க."

டிரைவர் பேனா கொடுத்தான். மீன் ஈரம் பட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேரூராட்சிக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே, முழங்காலில் வைத்து தையல்நாயகி எழுதினாள்:

'ஐயா, இருபத்தொரு வருடமாக நான் கொடுத்த மனுக்கள் எல்லாம் உண்மை. இந்த மனுவும் உண்மை. இந்தச் சாக்கடையால் நான் இழந்தது எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாரும் இழக்காமல் இருக்க இதிலிருந்தே ஒரு குடம் அவ்வப்போது வேண்டியிருக்கிறது. ஆகையால் ஒரு முழம் விட்டு மீதியை மூடும்படி கேட்டுக்கொள்கிறேன். தாள் அழுகிறது. இப்படிக்கு, க. தையல்நாயகி.'

அவர் ஒருதரம் படித்தார். இரண்டாவது தரம் மூன்றாவது வரியில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு மெல்ல, "அழுகிறதா, அழுகுகிறதா? ஒரு கு விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்லைய்யா. இந்தத் தரம் சரியா எழுதியிருக்கேன். காதைக் குடுத்துக் கேளுங்க."

கொட்டானை அவர் பக்கம் தூக்கிப் பிடித்தாள். சத்தியசீலன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். உள்ளிருந்து வந்தது ஒரு முனகல்தான், மூச்சுவிடுகிற அளவுக்குத்தான், ஆனால் அவரும் பிள்ளை பெற்றவர். நிமிர்ந்து, டிரைவரைப் பார்த்து, "ஒரு முழம் விட்டு அளந்து போடுப்பா. அந்த இடத்துக்கு இரும்பு மூடி போட்டு, பூட்டு ஒண்ணு மாட்டு. சாவியை இந்தம்மாகிட்ட குடு" என்றார்.

அன்றே இரண்டாவது சீர் போயிற்று. இந்தத் தரம் வேட்டி இல்லை, அண்டா இல்லை, மஞ்சள் இல்லை. தையல்நாயகியே குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, செம்பால் மொண்டு மொண்டு குடத்தை நிறைத்தாள். பதினோரு தட்டும் முன்னால் போக, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படகேறினாள், மற்றவர்கள் எல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே சமயம் குலவையும் போடப் பார்த்ததில் குலவை ஒரு தினுசாக வந்தது. கல்லூரி வாசலில் நிஷா துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் குடத்தை வாங்கினாள்.

"மஞ்சள் போடலையே அக்கா?"

"போடலை. உள்ளது உள்ளபடி."

ஒன்பதாம் நாள் புதுச் சுருள் வந்தது. அன்று விடியற்காலம் பிடித்த வஞ்சிரத்தை அதில் சுற்றின மாத்திரத்தில் அது அழுத அழுகை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். தையல்நாயகி அதிலிருந்து ஒரு விரற்கடை கிழித்துக் கொட்டானில் பழைய துண்டோடு சேர்த்துப் போட்டாள், பழையது அதைக் கட்டிக்கொண்டு உறங்கிற்று.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் பழக்கத்தில் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டாள். கையில் மனு இல்லை. "என்னம்மா?" என்று சத்தியசீலன் கேட்டார். ஒன்றும் இல்லை, சும்மாதான், பழக்கதோஷத்தில் கால் இங்கே வந்துவிட்டது என்று சொல்லி, பெஞ்சில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

இப்போது நிஷாவுக்குத் தண்ணீர் மொள்ளுகிற வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கணக்கு. காலையில் கடை திறக்குமுன்னே சாவியோடு வந்து, பூட்டைத் திறந்து, இரும்பு மூடியைத் தூக்குவாள். நாற்றம் முகத்தில் அறையும். திட்டுவாள், அதில் குறை வைப்பதில்லை. என்னா எழவு நாத்தம் இது, ஊரு சிரிக்குது, கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா என்று சம்பந்திகள் பேசிக்கொள்கிற தோரணையில் ஒரு பாட்டம் தீர்ப்பாள். பக்கத்துக் கடையில் காத்தாயி காது கேட்காதவளைப் போல மீன் கூடையைத் திருப்பித் திருப்பி வைப்பாள். அப்புறம் தையல்நாயகி இடுப்பை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, செவுளும் குடலுமாகக் கொப்புளம் விடுகிற அந்தக் கறுப்பைப் பார்த்துச் சொல்வாள்:

"என் பொண்ணை நீ வெச்சுக்கிட்ட. உன் பொண்ணு எங்கிட்ட இருக்கா. நல்லா அழுவுறா."

மூடியைப் போட்டுப் பூட்டுவாள். பத்தடி போவாள். பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பூட்டித்தான் இருக்கும். வந்தது வந்துவிட்டோம் என்று இரும்பு மூடியைக் கொட்டானைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டி, "கவலைப்படாத சம்பந்தி" என்பாள்.